நெட்டையாக ஓடுகிறதா செடி? உரம் வைக்கும் முன் வெயிலைப் பாருங்கள்!

நாற்று நட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தக்காளிச் செடி போர்ட்டிகோ கிரில் கம்பியைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கிறது. தண்டு பென்சில் பருமன்கூட இல்லை. இலைகள் வெளிறிக் கிடக்கின்றன. ஆசையாகப் பார்த்திருந்த முதல் பூக்களும் காம்போடு கழன்று தரையில் உதிர்கின்றன.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் தோட்டம் வைக்கும் வீடுகளுக்கு இது தெரிந்த காட்சிதான். அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். "சத்து பத்தலை" என்று ஒருவர் சொல்வார். ஒரு பிடி யூரியா விழும். "பூச்சி இருக்கும்" என்பார் இன்னொருவர். கடையில் கேட்டு ஒரு மருந்து வாங்கித் தெளிப்பார்கள். செடி இன்னும் ஓரடி உயரும். பூ மட்டும் நிற்காது.

இதில் நஷ்டம் தொட்டிக்கும் விதைக்கும் போட்ட காசு மட்டுமல்ல. நாளை குழம்பில் விழப்போகும் காய்மீது தேவையே இல்லாத விஷத்தைத் தெளிக்கிறோம். அதனால், மருந்துக் கடைக்குப் போகும் முன் செடி என்ன சொல்ல வருகிறது என்று பார்த்துவிடுவோம். நெட்டையாக ஓடுகிற செடி பெரும்பாலும் சோறு கேட்கவில்லை. வெளிச்சம் கேட்கிறது.

முளைப்பாரி சொல்லும் பாடம்

தென் மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் முளைப்பாரி எடுப்பார்கள். நம் பக்கத்துக் கல்யாணங்களில் பாலிகை தெளிப்பார்கள். முளைப்பாரியை எங்கே வளர்ப்பார்கள்? வெளிச்சம் புகாத அறையில். அதனால்தான் அந்தப் பயிர் சில நாட்களிலேயே மஞ்சள் வெளுப்பாக, மெல்லிசாக, சரசரவென்று உயர்ந்து நிற்கிறது. அதே பயறை வயலில் விதைத்தால் அந்த வயதில் குட்டையாக, கரும்பச்சையாக இருக்கும்.

இருட்டில் முளைத்த செடிக்கு ஒரே கவலைதான்: வெளிச்சம் எங்கே? கையில் இருக்கும் சக்தியையெல்லாம் தண்டை நீட்டுவதில் போடுகிறது. இலையைப் பெரிதாக்காது, தண்டைத் தடிமனாக்காது, வேரைப் பரப்பாது. மண்ணுக்குள் ஆழத்தில் விழுந்த விதை வெளியே வருவதற்கு இயற்கை கொடுத்த வழி இது. அதையேதான் நிழலான போர்ட்டிகோவில் நம் தக்காளியும் செய்கிறது.

முளைப்பாரிக்கு விதையில் இருக்கும் சேமிப்பு சில நாளுக்குப் போதும். அதற்குள் அதன் வேலையும் முடிந்துவிடும். பூக்க வேண்டிய செடிக்கு அப்படி இல்லை. இலையில் வெயில் பட்டுத்தான் உணவு தயாராக வேண்டும். அந்த உணவு தண்டுக்கே போய்விட்டால் பூவுக்கு என்ன மிஞ்சும்? வீட்டில் வருமானம் குறைந்தால் முதலில் திருவிழாச் செலவைக் குறைப்போம் இல்லையா? செடியும் அப்படித்தான் பூவை உதிர்த்துவிடுகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இலைகள் சூரிய ஒளியில் சிவப்பு நிறத்தை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அப்பால் உள்ள தூரச் சிவப்பைக் கீழே விட்டுவிடும். பக்கத்துச் செடியின் நிழலில் நிற்கும் செடி, இந்த வித்தியாசத்தை வைத்தே "எனக்கு மேலே யாரோ இருக்கிறார்கள்" என்று கண்டுபிடித்து உயரத் தொடங்கும். இதை உணரும் பொருளுக்கு பைட்டோகுரோம் என்று பெயர். 1959-ல் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் இதை அடையாளம் கண்டார்கள். ஒரே தொட்டியில் நான்கு நாற்று நட்டால் நான்குமே போட்டி போட்டு நெட்டையாவதற்கு இதுவும் காரணம்.

நெல் வயலில் ஒரு 'முட்டாள் நாற்று'

உயரமாக வளர்வதெல்லாம் நல்ல வளர்ச்சி இல்லை என்று நெல் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். நெல் விளையும் ஊர்களில் நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறிப்போய், மற்றவற்றைவிட ஒல்லியாக ஓங்கி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அவை பாதியில் சாகும். தப்பித்தாலும் கதிர் பதராகும்.

ஜப்பானில் இந்த நோய்க்கு வைத்த பெயர் 'பக்கானே', அதாவது முட்டாள் நாற்று. இதற்குக் காரணம் ஒரு பூஞ்சை. 1926-ல் தைவானில் பணியாற்றிய எயிச்சி குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, அந்தப் பூஞ்சை வளர்ந்த நீரை வடிகட்டி நல்ல நாற்றுக்குக் கொடுத்தார். பூஞ்சையே இல்லாமல் அந்த நாற்றும் நெட்டையானது. அந்த நீரில் இருந்த பொருளுக்கு 1935-ல் ஜிப்ரலின் என்று பெயர் வந்தது. செடிகள் தாமாகவே இதைச் சிறிதளவு தயாரிக்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. தண்டு நீள்வதற்கு உதவும் ஹார்மோன்களில் இதுவும் ஒன்று. நம் வீட்டுத் தக்காளிக்குப் பூஞ்சை நோய் இல்லை. ஆனால் உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

ஆடியில் இருந்த வெயில் ஐப்பசியில் எங்கே?

"நட்டபோது அந்த இடத்தில் நல்ல வெயில் இருந்ததே?" என்று கேட்பீர்கள். இருந்திருக்கும். சூரியன்தான் நகர்ந்துவிட்டது.

புதுச்சேரியில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் 20 வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். அதற்குப் பிறகு தெற்கே சாயத் தொடங்கும். டிசம்பரில் நன்றாகவே சாய்ந்துவிடும். 10 அடி உயர மதில் இருந்தால், டிசம்பர் நண்பகலில்கூட அதன் வடக்குப் பக்கம் சுமார் 7 அடிக்கு நிழல் விழும். ஜூனில் அந்த இடம் நண்பகல் வெயிலில் காய்ந்திருக்கும்!

ஆடிப்பட்டத்தில் விதைத்த தக்காளி, கத்தரி, மிளகாய் எப்போது பூவெடுக்கும்? புரட்டாசி, ஐப்பசி வாக்கில். சரியாக அதே நேரத்தில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வருகின்றன. சூரியன் தெற்கே போகிறது. வடகிழக்குப் பருவமழையின் மேகம் வானத்தை மூடுகிறது. ஜூனில் 12¾ மணி நேரமாக இருந்த பகல், டிசம்பருக்குள் 11½ மணிக்கும் கீழே இறங்குகிறது. பூவுக்காக அதிகச் சக்தி தேவைப்படும் நேரத்தில் வருமானம் குறைகிறது. செடி நீள்வதும் மொட்டு உதிர்வதும் அப்போது ஆரம்பிக்கின்றன.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோடையில் கட்டிய பச்சை நிழல்வலை மழைக்காலத்திலும் அப்படியே இருக்கும். 50 சதவிகித வலை என்றால் பாதி வெளிச்சம் அங்கேயே போய்விடும். ஐப்பசி முதல் தை வரை வலையைச் சுருட்டி வைத்துவிடுங்கள். வலையைக் கழற்றிய சில வாரங்களில் புதுத் துளிரில் வித்தியாசம் தெரியும்.

கைநிழல் சோதனை

வெளிச்சம் போதுமா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மழை மேகம் இல்லாத நாளில் நண்பகல் 12 மணிவாக்கில், செடிக்கு ஓரடி மேலே உங்கள் கையை விரித்துப் பிடியுங்கள்.

விரல்கள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு நிழல் கறுப்பாக விழுந்தால், காய்கறிக்கு ஏற்ற வெயில்.

கை வடிவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், கீரைகளுக்கு ஓரளவு போதும்; தக்காளிக்குப் போதாது.

நிழலே விழவில்லை என்றால், அந்த இடத்தில் பூச்செடியும் காய்ச்செடியும் வேண்டாம்.

போனில் வெளிச்சத்தை அளக்கும் 'லக்ஸ் மீட்டர்' செயலிகளும் இருக்கின்றன. துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட உதவும். நண்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். வீட்டுக்குள் ஜன்னலோரத்தில் அது சில ஆயிரங்களாகவும் அறை நடுவில் சில நூறுகளாகவும் குறைந்துவிடும். நம் கண் இருட்டுக்குப் பழகிவிடுவதால் "நல்ல வெளிச்சம்தானே" என்று நினைக்கிறோம். செடிக்கு அது அந்தி நேரம்.

ஒரு நாளில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்றும் குறித்துப் பாருங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். கீரை, புதினா, கொத்தமல்லிக்கு மூன்று, நான்கு மணி நேரம் இருந்தால் சமாளிக்கும்.

யூரியாவும் மீன் அமிலமும் எப்போது எதிரி?

வெளிறிய இலையைப் பார்த்ததும் தழைச்சத்து கொடுக்கத் தோன்றும். யூரியாவில் 46 சதவிகிதம் தழைச்சத்துதான். ரசாயனம் வேண்டாம் என்று மீன் அமிலம் ஊற்றுபவர்களும் கொடுப்பது பெரும்பாலும் தழைச்சத்தைத்தான். வெயில் இருக்கும் இடத்தில் அளவோடு கொடுத்தால் அது நல்லது. நிழலில் நிற்கும் செடிக்குக் கொடுத்தால் தண்டும் இலையும்தான் நீளும். அந்த இளசான தண்டைத் தேடி அசுவினியும் வரும்.

பூ நிற்க தேமோர் கரைசலும் அரப்பு மோர் கரைசலும் நம் விவசாயிகள் பயன்படுத்துபவைதான். கடைகளில் பூ உதிராமல் இருக்க விற்கும் ஹார்மோன் மருந்துகளும் உண்டு. எதுவாக இருந்தாலும் வெளிச்சத்துக்கு மாற்று ஆகாது. அடுப்பே எரியாதபோது தாளிப்பில் என்ன இருக்கிறது?

மொட்டு வரும் நேரத்தில் மூன்று வாரத்துக்குத் தழைச்சத்து கொடுப்பதை நிறுத்துங்கள். மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு கைப்பிடி போதும்.

சாமந்திக்கு மட்டும் இருட்டு வேண்டும்

சாமந்தி விஷயத்தில் கதை கொஞ்சம் மாறும். பகலில் அதற்கும் நல்ல வெயில் வேண்டும். ஆனால் மொட்டு வைப்பதற்கு இரவு நீளமாக, இடையில் வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில்களில் சாமந்திக்கு இரவில் விளக்கு போடுவார்கள். பூ சீக்கிரம் வந்துவிடாமல் தடுத்து, முதலில் காம்பை நீளமாக்குவதற்குத்தான் இது. வியட்நாமின் பின் துவான் பகுதியில் டிராகன் பழத் தோட்டங்களிலும் இரவில் விளக்கு எரியும். அது நேர் எதிரான செடி. அங்கே பருவம் தப்பிய காலத்திலும் பூக்க வைக்க விளக்கு போடுகிறார்கள்.

இப்போது உங்கள் வாசலைப் பாருங்கள். சாமந்தித் தொட்டிக்கு மேலேயே போர்ட்டிகோ பல்பு விடிய விடிய எரிகிறதா? தெருவிளக்கு நேராக அடிக்கிறதா? இலையாகவே வளர்ந்துகொண்டு பூ தள்ளிப்போனால், முதலில் அந்தத் தொட்டியை இரவு இருட்டாக இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

வெளிச்சம் சரியாக இருந்தும் பூ உதிர்ந்தால்?

அப்போது வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும்.

வெக்கை: பகலில் 35 டிகிரிக்கு மேலும் இரவில் 25 டிகிரிக்கு மேலும் போனால் தக்காளிப் பூ காயாவது கடினம். நம் ஊர் மே மாதம் இதைத் தாண்டிவிடும். இது உங்கள் குற்றம் இல்லை. அந்த மாதங்களில் வெண்டை, கொத்தவரை, காராமணி போடுங்கள்.

தண்ணீர்: அடி இலைகள் மஞ்சளாகி, மண் எப்போதும் ஈரமாக இருந்தால் தண்ணீர் அதிகம். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று ஊற்ற வேண்டாம். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உப்பு: பாகூர் கொம்யூனின் கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், இலை ஓரம் கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். முடிந்தவரை மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை அடித்துளை வழியாக நீர் ஓடி வெளியேறும்வரை ஊற்றினால் படிந்த உப்பு ஓரளவு கழுவப்படும்.

காற்று: தக்காளி, மிளகாய், கத்தரிப் பூக்கள் காற்றில் ஆடினாலே மகரந்தம் விழும். நான்கு பக்கமும் அடைத்த இடத்தில் அது நடக்காது. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். காற்றில் ஆடுவதால் இன்னொரு லாபமும் உண்டு. தண்டைத் தினமும் லேசாகத் தடவினாலே செடி குட்டையாக, தடிமனாக வளர்கிறது என்று 1973-ல் மார்க் ஜாஃபே என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டினார்.

பூச்சி: மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கி வளைந்தால் சிலந்தி. இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் மருந்து வாங்காதீர்கள். முதலில் இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். கடை மருந்தே தேவைப்பட்டால், தெளித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்க வேண்டும் என்பதை அட்டையில் படித்துவிட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் தெளிக்கவே கூடாது.

நெட்டையான செடியைக் காப்பாற்றலாமா?

காப்பாற்றலாம். நீண்ட தண்டு மறுபடி சுருங்காது. இனி வரும் கணுக்கள் நெருக்கமாக வந்தால் செடி பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில், செடியை ஒரேயடியாக வெயிலில் வைக்காதீர்கள். நிழலில் வளர்ந்த இலை வெந்துபோய் வெள்ளைத் திட்டு விழும். முதல் மூன்று நாள் காலை வெயில் இரண்டு மணி நேரம். அடுத்த மூன்று நாள் நான்கு மணி நேரம். பத்தாவது நாள் முழு வெயில்.

ஒல்லித் தண்டுக்குப் பக்கத்தில் மூங்கில் குச்சி ஊன்றி, பழைய துணி நாடாவால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். கம்பியோ நூலோ வேண்டாம், தண்டை அறுத்துவிடும்.

தக்காளியின் தண்டு மண்ணில் புதைந்தால் அங்கேயும் வேர் விடும். அதனால் அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டைச் சுற்றிப் பையில் நாலு விரல் உயரத்துக்கு மண்ணும் மக்கிய உரமும் சேர்த்து அணையுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இதைச் செய்ய வேண்டாம். அவற்றுக்கு நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். எந்தச் செடியிலும் ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. சாமந்தியில் மொட்டு தெரிந்த பிறகு நுனி கிள்ளினால் பூவையே கிள்ளியதாகிவிடும்.

தக்காளி, கத்தரி, மிளகாயில் உதிராமல் நிற்கும் முதல் சில பூக்களையும் நீங்களே கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் பலவீனமான செடிக்கு இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தால், அடுத்து வரும் பூக்களைத் தாங்கும் தெம்பு வரும்.

வெயிலே வராத வீடாக இருந்தால்?

நாற்றுப் பருவத்துக்கு மட்டும் சாதாரண வெள்ளை எல்.இ.டி. டியூப்லைட் உதவும். 20 வாட் விளக்கை நாற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரியவிடலாம். மாதம் எட்டரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். கூரை உயரத்தில் எரியும் விளக்கு எத்தனை வாட்டாக இருந்தாலும் நாற்றுக்குப் போதாது.

ஆனால் அந்த ஒரு டியூப்லைட்டில் தக்காளி காய்க்க வைக்க முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு வெற்றிலைக் கொடி, கற்பூரவல்லி, புதினா, கீரை இவைதான் சரி. தக்காளித் தொட்டியை மொட்டை மாடிக்கோ, வெயில் விழும் உறவினர் வீட்டுக்கோ அனுப்பிவிடலாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் செடியின் போட்டோவோடு ஊர்ப் பக்கத்து உழவர் உதவியகத்துக்கோ, குரும்பாப்பட்டு பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போய்க் கேளுங்கள். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. போகும்போது நோய் பட்ட இலையை மட்டும் காட்டாமல், செடி நிற்கும் இடத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பாதிப் பதில் அந்தப் படத்திலேயே இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு தொட்டிக்கு மேலும் கைநிழல் பார்த்துவிடுங்கள். நிழல் மங்கலாக விழும் காய்ச்செடிகளை இடம் மாற்றத் தொடங்குங்கள். இப்போதைய நுனி எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி அடையாளம் வைத்துவிட்டு, இரண்டு வாரம் பொறுங்கள். நூலுக்கு மேலே வரும் கணுக்கள் நெருங்கி வந்திருந்தால் யூரியாப் பையைப் பிரிக்கவே வேண்டியிருக்காது.